அனுப்பி வைத்தல்

வீட்டைவிட்டுப் புறப்படுகிறவர் தமிழில் 'போகிறேன்' என்று சொல்லலாகாது. அறியாமல் சொல்லிவிடும் சிறுவனைத் திண்ணையில் அமர்ந்திருக்கும் அம்முச்சி உடனே திருத்துவார்: "போறேங்காத கண்ணு, போயிட்டு வர்றேன்னு சொல்லு." கடைக்கு உப்பு வாங்கப் போகிறவனும் கடல் கடந்து பிழைக்கப் போகிறவனும் இதே சொல்லைச் சொல்லித்தான் படியிறங்குகிறார்கள். திரும்பி வருவதாக வாக்களித்த பின்னரே நம் மொழி ஒருவரை வாசல் தாண்ட விடுகிறது.

அன்பு செய்துவைத்த அழகிய ஏற்பாடு இது. ஆயினும் இந்த வாக்கு முழுமையாக நிறைவேறுவதே இல்லை. வேற்றூரில் பத்து நாள் தங்கி, வேற்று மொழி கேட்டு, தன் துணியைத் தானே துவைத்து உடுத்தி வரும் பிள்ளை, நாம் அனுப்பிய அதே பிள்ளை அல்லன். அவன் குரலிலேயே ஏதோ மாறியிருக்கும். இரயில் நிலையத்தில் நம் கண் கலங்குவது வழியில் நேரக்கூடிய இடரை எண்ணி மட்டுமன்று. இந்த மாற்றத்தையும் நம் உள்மனம் முன்னரே அறிந்திருக்கிறது. அப்படியானால், பிள்ளையின் முதல் வெளியூர்த் தங்கலுக்கு நாம் செய்யும் ஆயத்தம் எதற்கான ஆயத்தம்? அவன் மாறாமல் திரும்புவதற்கா, நன்றாக மாறித் திரும்புவதற்கா?

அண்மை ஆண்டுகளில் இந்தக் கேள்வி நம் வீடுகள் சிலவற்றுக்குப் புதியதொரு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய இஸ்ரோ 2019ஆம் ஆண்டு 'யுவிகா' என்னும் கோடைப் பயிற்சியைத் தொடங்கியது. 'யுவ விஞ்ஞானி கார்யக்ரம்' என்னும் இந்திப் பெயரின் சுருக்கம் அது. இளம் அறிவியலாளர் திட்டம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஜனவரி முதல் நாளில் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் மாணவ மாணவியர் விண்ணப்பிக்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மே மாதத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் இஸ்ரோவின் மையம் ஒன்றில் தங்குகிறார்கள். முதலாண்டில் திருவனந்தபுரம், பெங்களூரு, அகமதாபாத், ஷில்லாங் ஆகிய நான்கு இடங்களில் நடந்தது. பெருந்தொற்றால் இரண்டாண்டு நின்று, 2022இல் மீண்டும் தொடங்கியது. பின்னர் ஸ்ரீஹரிகோட்டா, ஐதராபாத், டேராடூன் ஆகியவையும் சேர்ந்தன. 2025இல் மே 19 முதல் 30 வரை ஏழு மையங்களில் நடைபெற்றது. விரிவுரைகளும், ஆய்வுக்கூடங்களைப் பார்வையிடலும், மாதிரி ராக்கெட்டை ஒன்றுகூட்டலும், இரவில் வானத்தை நோக்கலும் அதில் உண்டு. பயணச் செலவையும் உணவையும் தங்குமிடத்தையும் நிறுவனமே ஏற்றுக்கொள்கிறது. பிள்ளையைக் கொண்டுவிட்டு அழைத்துவரும் பெற்றோர் ஒருவரின் இரயில் கட்டணத்தையும் தருகிறது. ஆக, பணம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி அனுப்பாமல் இருக்க வழியில்லை. வேறு காரணம் தேட வேண்டும்.

அந்தக் காரணமும் எளிதில் கிடைத்துவிடும். மே மாதம் ஒன்பதாம் வகுப்பு முடிந்து பத்தாம் வகுப்பு தொடங்கவிருக்கும் காலம். தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு அந்த மாதம் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. பொதுத்தேர்வுக்கான தனிப்பயிற்சி ஏப்ரலிலேயே தொடங்கிவிடுகிறது. "ரெண்டு வாரம் போனா, கணக்குல ரெண்டு பாடம் போயிருமுங்களே" என்று சிங்காநல்லூரில் ஒரு தந்தை சொன்னால், அவரைப் பார்த்து நகைக்க நமக்கு உரிமை இல்லை. அவர் அப்படி அஞ்சுவதற்கு ஒரு வரலாறு உண்டு.

சிங்காநல்லூர் பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர். ஆலைச் சங்கு ஊதும் நேரத்துக்கு அடுப்பு மூட்டி, ஷிப்டு முடியும் நேரத்துக்கு விளக்கேற்றிய குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. தந்தை நுழைந்த அதே வாயிலில் மகனும் ஒருநாள் நுழைவான் என்பது ஏறக்குறைய உறுதியாக இருந்தது. ஆகவே அன்றைய தந்தை தன் மகனை எதற்கு ஆயத்தப்படுத்த வேண்டும் என்பதை அறிந்திருந்தார். அந்த இடத்தின் வெப்பமும் இரைச்சலும் மேஸ்திரியின் குணமும் அவருக்குத் தெரியும். ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகளும் 2020 மார்ச் பொதுமுடக்கத்தில் நின்றபின் பழையபடி ஓடவில்லை. இன்றைய தந்தை, தான் ஒருநாளும் கண்டிராத இடத்துக்குத் தன் பிள்ளையை ஆயத்தப்படுத்த வேண்டியவராக இருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரே பாலம் மதிப்பெண். அதை அவர் இறுகப் பற்றிக்கொள்வதில் வியப்பில்லை.

ஆனால் அந்தப் பிடி, ஆயத்தம் என்பதன் பொருளையே திரித்துவிடும் அபாயமும் உண்டு. யுவிகாவுக்கான தேர்வு முறையைப் பாருங்கள். அண்மை அறிவிப்புகளின்படி எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு நூற்றுக்கு 50. இணையவழி வினாடிவினாவுக்கு 10. அறிவியல் கண்காட்சியில் பங்கேற்றதற்குப் பள்ளி, மாவட்டம், மாநிலம் என்ற படிநிலைப்படி 10 வரை. ஒலிம்பியாடு போன்ற போட்டிகளுக்கு 5 வரை. விளையாட்டுக்கு 5 வரை. சாரணர் இயக்கம், தேசிய மாணவர் படை முதலியவற்றுக்கு 5. ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படிப்பவருக்கு 15. நேர்மையான முறைதான். ஆனால் எந்தப் பட்டியலையும் தலைகீழாக வாசிக்கத் தெரிந்தவர்கள் நாம். ஒரு பிள்ளை எப்படி வளர்ந்திருக்கிறது என்று அளக்கச் செய்த அளவுகோலை, பிள்ளையை எப்படி வளர்க்க வேண்டும் என்பதற்கான பட்டியலாக்கிக்கொள்கிறோம். மூன்றாண்டுக்கு முன்பே சான்றிதழ் சேர்க்கும் வேலை தொடங்கிவிடுகிறது.

கொங்கு நாட்டில் இதற்கு இன்னொரு வசதியும் உண்டு. இங்கே வீட்டுக்கு ஓர் உறவினராவது லேத் பட்டறை வைத்திருப்பார். மாவட்டக் கண்காட்சியில் ஏழாம் வகுப்பு மாணவனின் பெயரோடு நிற்கும் ராக்கெட் மாதிரியைக் கூர்ந்து பார்த்தால், அதன் அலுமினிய மூக்கின் வழவழப்பில் மாமாவின் கைத்திறன் பளிச்சிடும். பரிசும் கிடைக்கும். யாருக்கும் தீங்கில்லையே என்று தோன்றும். தீங்கு அந்தப் பிள்ளைக்கே. தன் பெயர் எழுதப்பட்ட பொருள் தன்னுடையதன்று என்பதை அவன் அறிவான். பெரியவர்களும் அறிந்தே பேசாமல் இருக்கிறார்கள் என்பதையும் அறிவான். நேர்மையைப் பற்றி ஞாயிறு மறைக்கல்வியில் அவன் கேட்கும் அத்தனையும் அந்த ஒரு பரிசுக் கோப்பையின் முன் வலுவிழந்துவிடும். பிறகு ஒருநாள், முகாமில், திருகாணியையும் திருப்புளியையும் அவன் கையில் கொடுத்து ஒன்றுகூட்டச் சொல்வார்கள். அப்போது மாமா உடன் இருக்க மாட்டார்.

ஊராட்சிப் பள்ளிக்குரிய அந்த 15 மதிப்பெண்ணும் சிங்காநல்லூரில் முணுமுணுப்பை எழுப்பக்கூடியதே. தனி நகராட்சியாக இருந்த சிங்காநல்லூர் 1981இல் கோவை மாநகராட்சியோடு இணைந்தது. ஆகையால் இங்குள்ள பள்ளிப் பிள்ளைக்கு அந்த 15 இல்லை. சில கல் தொலைவில், ஊராட்சிக்குட்பட்ட பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு உண்டு. "ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தானுங்க போறாங்க, இதென்ன நியாயம்?" என்று ஒருவர் கேட்கலாம். எல்லைக்கோட்டருகே நிற்பவருக்கு எந்தச் சலுகையும் அநியாயமாகவே தெரியும். திராட்சைத் தோட்டத்தில் காலை முதல் உழைத்தவர்கள் மாலையில் முணுமுணுத்த கதையை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். கேட்கும்போது தோட்டக்காரர் பக்கம் நிற்பதும், நம் வீட்டு விண்ணப்பம் என்று வந்தவுடன் முணுமுணுத்தவர்கள் பக்கம் சாய்வதும் நம் இயல்பு. ஆய்வுக்கூடமே இல்லாத பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஓர் ஏணிப்படி கூடுதலாகத் தரப்படுவதைத் தன் பதினான்கு வயது மகளுக்கு மனக்கசப்பின்றி விளக்கிச் சொல்லும் தாய், எந்தப் பயிற்சிப் புத்தகமும் தராத ஆயத்தத்தைத் தந்துவிடுகிறார்.

முகாமே கதவு என்று எண்ணுவதும் மயக்கமே. பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்து, ஊர்ப் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்ற மயில்சாமி அண்ணாதுரை எந்த முகாமுக்கும் போகவில்லை. அவர் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1 2008 அக்டோபர் 22 அன்று புறப்பட்டு நிலவைச் சென்றடைந்தது. அவர் பொறியியல் கற்ற கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி, 1945இல் ஜி. டி. நாயுடுவின் துணையோடு ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கப்பட்டது. அந்த நாயுடுவின் முதல் வெளியூர்த் தங்கலோ நம் பெற்றோர் எவரும் விரும்பாத வகையைச் சேர்ந்தது. சூலூர்ப் பக்கம் கலங்கல் கிராமத்துச் சிறுவன், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, அதை வாங்கப் பணம் சேர்ப்பதற்காகக் கோவைக்கு வந்து உணவு விடுதியில் பரிமாறுபவனாக வேலை பார்த்தான். வாங்கவும் செய்தான், வாங்கியதைப் பிரித்துப் போட்டுப் பார்த்தான். இப்படி ஓடிப்போவதை நான் பரிந்துரைக்கவில்லை. ஓடிப்போன பிள்ளைகளில் ஒருவரைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் ஆசை அவனுடையதாக இருந்தது. நம் வீடுகளில் பலவேளை ஆசை தந்தையுடையதாகவும் பெட்டி மட்டும் பிள்ளையுடையதாகவும் இருக்கிறது.

பெட்டியைப் பற்றிப் பேசுவோம். ஏப்ரல் இறுதியில் அழைப்பு வந்த வீட்டில் என்ன நடக்கும்? தாய் பட்டியல் எழுதுவார். முறுக்கு, அதிரசம், பருப்புப் பொடி, ஊறுகாய், காய்ச்சல் மாத்திரை, தைலம், செபமாலை. அரிசிம்பருப்பும் கொள்ளும் தின்று வளர்ந்த நாக்கு திருவனந்தபுரத்துக் கொட்டை அரிசிச் சோற்றை ஏற்குமா என்ற கவலை. எதை எடுத்தாலும் தாயே மடிப்பார், தாயே அடுக்குவார். எந்தப் பையில் எது இருக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரியாது. முதல் இரவில் துண்டு எங்கே என்று கேட்கத் தொலைபேசியில் அழைப்பான். தாய் நானூறு கிலோமீட்டர் அப்பாலிருந்து, "இடது பக்கப் பையில, நீலச் சட்டைக்கு அடியில பாரு சாமி" என்பார். இருவருக்கும் அதில் மகிழ்ச்சி. தாய் இன்னும் தேவைப்படுகிறார்.

இந்த மகிழ்ச்சியைத்தான் கவனிக்க வேண்டும். பிறருக்குத் தேவைப்படுவது இனிமையானது; அந்த இனிமைக்காகப் பிள்ளையைத் தேவையுள்ளவனாகவே வைத்திருப்பது அன்பின் உருவில் வரும் தன்னலம். கைப்பேசி இதை இன்னும் எளிதாக்கிவிட்டது. பாதுகாக்கப்பட்ட விண்வெளி வளாகங்களில் கைப்பேசியை வாயிலிலேயே விட்டுச் செல்வது வழக்கம். பகல் முழுதும் பதில் வராத எண்ணை மீண்டும் மீண்டும் அழுத்திக்கொண்டிருக்கும் தாய்க்கே, பிள்ளையைவிட அதிகமாக ஆயத்தம் தேவைப்படுகிறது. பழைய ஏற்பாட்டில் அன்னாவை நினைத்துக்கொள்ளுங்கள். தவமிருந்து பெற்ற சாமுவேலைப் பால்மறந்த வயதிலேயே சீலோவில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். ஆண்டுக்கொருமுறை பலிசெலுத்தப் போகும்போது, மகனுக்காகச் சிறிய மேலாடை ஒன்றைத் தைத்துக்கொண்டு போவார் என்று சாமுவேல் நூல் சொல்கிறது. அந்த ஆடையை எந்த அளவில் தைத்தார்? கடந்த ஆண்டு கண்ட உடலுக்குத் தைத்தால் பற்றாது. தான் பார்க்காமல் வளர்ந்த வளர்ச்சியை அவர் மனத்தால் அளந்து வெட்டியிருக்க வேண்டும். பிள்ளை நாம் பார்க்காத இடத்தில் வளர்வான் என்று ஒப்புக்கொண்ட கை தைத்த ஆடை அது.

பிள்ளை தானே பெட்டி அடுக்கட்டும், எதையாவது மறக்கட்டும். சோப்பை மறந்தவன் அறைத்தோழனிடம் கேட்பான். அந்த அறைத்தோழன் மணிப்பூரிலிருந்தோ லட்சத்தீவிலிருந்தோ வந்தவனாக இருக்கலாம். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான் பொதுமொழி. நட்பு பலவேளை சோப்பில்தான் தொடங்குகிறது. புறப்படுமுன் ஒரு மாதம் தன் துணியைத் தானே துவைக்கவும், தட்டைக் கழுவவும், எழுப்பாமல் எழவும் பழகினால் போதும். 'எனக்குப் புரியவில்லை' என்று வகுப்பில் கை உயர்த்திச் சொல்லவும் பழக வேண்டும். நம் பள்ளிகளில் முதல் மாணவர்களாக இருப்பவர்களுக்கு இந்தக் கடைசிப் பாடம் மிகக் கடினம். முகாமிலோ ஒவ்வொருவரும் தம் ஊரின் முதல் மாணவரே. அங்கே இருபதாவதாக இருக்க நேரும். அதற்கும் ஒருவர் அவனை முன்கூட்டியே பழக்கியிருக்க வேண்டும்.

இதுவரை சொன்னவை மெல்லிய கவலைகள். பெற்றோரின் நெஞ்சில் கனக்கும் அச்சம் வேறொன்று. பெண்பிள்ளை என்றால் அது இரு மடங்கு. வாய்விட்டுச் சொல்லாமல், "அத்தனை தூரம் எதுக்குங்க, இங்கேயே படிக்கட்டும்" என்று முடித்துவிடுவார்கள். செங்கோட்டையிலிருந்து நிகர் ஷாஜியை அவருடைய பெற்றோர் வெளியூருக்கு அனுப்பாதிருந்தால், 2023 செப்டம்பர் 2 அன்று சூரியனை நோக்கிப் புறப்பட்ட ஆதித்யா-எல்1 கலத்துக்கு அவர் திட்ட இயக்குநராக இருந்திருக்க முடியாது என்று எடுத்துக்காட்டு சொல்லலாம். ஆனால் எடுத்துக்காட்டு அச்சத்தைத் தீர்க்காது. அச்சத்துக்குக் காரணம் இருக்கும்போது தீர்க்கவும் கூடாது. குழந்தைகளுக்குத் தீங்கிழைப்பவர்கள் பெரும்பாலும் அவர்களுக்கு அறிமுகமானவர்களே என்பதை இன்று நாம் அறிவோம். பக்திக்கும் படிப்புக்கும் உரிய இடங்களிலும் அது நடந்திருக்கிறது என்பதைத் திருச்சபை தன் வேதனையான அனுபவத்தால் அறியும். 2012இல் போக்சோ சட்டம் வந்தது; 1098 என்ற உதவி எண் உண்டு. சட்டமும் எண்ணும் தேவையே. இருந்தாலும், அந்த எண்ணை அழுத்தத் துணியும் பிள்ளையை நாம் வளர்த்திருக்கிறோமா?

நம் கத்தோலிக்க இல்லங்களில் கீழ்ப்படிதலை முதற்பெரும் நற்பண்பாகப் போற்றி வந்திருக்கிறோம். பெரியவர் சொன்னால் கேள், எதிர்த்துப் பேசாதே, ஆசிரியர் அடித்தாலும் உன் நன்மைக்கே. இந்த அறிவுரைகளோடு பிள்ளையை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பினால், யாருக்கும் கீழ்ப்படிகிற பிள்ளையைத்தான் அனுப்புகிறோம். 'யாருக்கும்' என்ற சொல்லில் எல்லாரும் அடங்குவார்கள். மரியாதைக்குரியவர் ஒருவர் தகாதது செய்யும்போது 'மாட்டேன்' என்று சொல்லலாம், சத்தமிடலாம், வீட்டில் வந்து சொன்னால் முதலில் நம்புவோம், குடும்பப் பெயரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்பதைப் பெற்றோர் தம் வாயால் சொல்லியிருக்க வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். மறுக்கத் தெரிந்தவனின் கீழ்ப்படிதலே நற்பண்பு என்று நான் கருதுகிறேன். மறுக்கவே தெரியாதவனிடம் இருப்பது வெறும் பழக்கம். பன்னிரண்டு வயதில் எருசலேமில் தங்கிவிட்ட இயேசு, மூன்று நாள் தேடிக் களைத்து வந்த தாய்க்குச் சொன்ன மறுமொழியில் மன்னிப்புக் கோரல் இல்லை. பிறகு அவர் பெற்றோருடன் நாசரேத்துக்குத் திரும்பி அவர்களுக்குப் பணிந்து நடந்தார் என்று லூக்கா எழுதுகிறார். இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருந்தன.

எதற்காகப் போகிறோம் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லியனுப்ப வேண்டாமா? விண்வெளி முகாம் என்னும் எண்ணத்துக்கே ஒரு பிறப்பு வரலாறு உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் நகரில் 1982இல் இத்தகைய முகாம் தொடங்கியது. இசைக்கும் விளையாட்டுக்கும் முகாம் இருக்கையில் அறிவியலுக்கு ஏன் இல்லை என்று கேட்டு வித்திட்டவர் வெர்னர் வான் பிரவுன் என்பார்கள். மனிதனை நிலவுக்குக் கொண்டுசென்ற சாட்டர்ன்-5 ஏவுகலத்தை உருவாக்கிய அதே மனிதர். அதற்கு முன் இட்லரின் ஜெர்மனிக்காக வி-2 ஏவுகணையை உருவாக்கியவரும் அவரே. அந்த ஏவுகணைகளை மலைக்கடியில் செய்த மிட்டல்பாவ்-டோரா முகாமில் அடைபட்டிருந்த ஏறத்தாழ 60,000 கைதிகளில் 20,000 பேர் வரை இறந்தனர். முகாம் என்ற ஒரே சொல், பிள்ளைகள் மாதிரி ராக்கெட் செய்யும் இடத்துக்கும் மனிதர்கள் பட்டினியில் மடிந்த இடத்துக்கும் பொதுவாக இருக்கிறது. பதினான்கு வயதில் இதை அறிய வேண்டாம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வானத்தை நோக்கி எழும் பொருள் எதுவும் யாரோ சிலரின் கைகளிலிருந்தே எழுகிறது. அந்தக் கைகள் விரும்பிக் கொடுத்தனவா, கட்டப்பட்டிருந்தனவா என்று கேட்கத் தெரியாத அறிவு ஆபத்தானது.

நம் நாட்டின் தொடக்கம் வேறுவிதமானது என்பதில் நாம் நன்றி கொள்ளலாம். கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் பிள்ளை, அங்கே விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் பழைய ஆலயம் ஒன்றைக் காண்பான். உள்ளே திருப்பலி இல்லை, ராக்கெட்டுகள் இருக்கும். தும்பா கடற்கரை புவிகாந்த நடுக்கோட்டின் அருகில் அமைந்தது. அக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய அதுவே தகுந்த இடம் என்று 1960களின் தொடக்கத்தில் சாராபாயும் ஓமி பாபாவும் கண்டனர். அங்கே மீனவ இறைமக்களின் வீடுகள் இருந்தன, புனித மகதலா மரியா ஆலயம் இருந்தது. திருவனந்தபுரம் மறைமாவட்டத்தில் அன்று ஆயராகப் பணியாற்றிய பீட்டர் பெர்னார்டு பெரேராவை சாராபாய் அணுகியதையும், ஆயர் ஞாயிறு திருப்பலிக்கு வந்திருந்த மக்களிடமே அந்த வேண்டுகோளை வைத்ததையும், மக்கள் 'ஆமென்' என்று இசைந்ததையும் அப்துல் கலாம் பலமுறை சொல்லியிருக்கிறார். மக்கள் வேறிடம் பெயர்ந்தனர். அவர்களுக்குப் புதிய ஆலயம் எழுந்தது. பழைய ஆலயம் பணிமனையாயிற்று. மாட்டுத் தொழுவமும் ஆய்வுக்கூடமாயிற்று. ராக்கெட் பாகங்கள் மிதிவண்டியில் சென்றன. 1963 நவம்பர் 21 அன்று மாலை, அமெரிக்கா தந்த நைக்-அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து எழுந்து, அந்தி வானில் சோடியம் ஆவியைப் பரப்பிச் செம்மஞ்சள் மேகம் ஒன்றைத் தீட்டியது.

இந்த வரலாறு நம் ஞாயிறு மறையுரைகளில் அவ்வப்போது வந்துபோகிறது. சற்று இனிப்பாகவே வந்துபோகிறது. எனக்கோ அந்த 'ஆமென்' ஒலித்த நேரத்தைவிட, அன்றிரவு கடலோரக் குடிசைகளில் நடந்திருக்கக்கூடிய பேச்சை அறியவே ஆசை. முன்னோரின் கல்லறைகளைப் பற்றிக் கேட்ட மூதாட்டி இருந்திருப்பார். தோணியை எங்கே இழுத்துவைப்பது என்று கேட்ட இளைஞன் இருந்திருப்பான். கொடுப்பது எளிதாக இருந்தது என்று நாம் சொல்லும்போது கொடுத்தவர்களைச் சிறுமைப்படுத்துகிறோம். உயிர்த்த ஆண்டவரைத் தோட்டத்தில் கண்டதும் பற்றிக்கொள்ள முனைந்து, பற்றிக்கொள்ளாதே என்று கேட்க நேர்ந்தவர் மகதலா மரியா. அவர் பெயரிலான ஆலயமே இப்படிக் கைவிட்டுப் போனது. அங்கே நிற்கும் நம் பிள்ளை, மூக்குக் கூம்பின் உலோகத்தை வியந்து பார்ப்பதோடு, இங்கே முழந்தாளிட்டவர்கள் எங்கே போனார்கள் என்றும் ஒருமுறை கேட்க வேண்டும். கேட்கும் பிள்ளையாக அவனை அனுப்புவது பெற்றோர் கையில் இருக்கிறது. அயல்நாடுகளோடு நிலவுக்குப் போட்டியிடுவது நம் நோக்கமன்று, நம் மக்களின் துயர்களைத் தீர்ப்பதில் எவருக்கும் பின்தங்காதிருப்பதே நோக்கம் என்று சாராபாய் வலியுறுத்தினார். 1975-76இல் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே கல்வித் தொலைக்காட்சி சென்றது அந்த நோக்கத்தால். இப்போது நாம் நிலவிலும் இறங்கிவிட்டோம். நோக்கம் மாறிவிட்டதா, விரிந்ததா என்பதை அந்தப் பிள்ளைகள் முகாமில் விவாதிக்கலாம். நல்ல விவாதமாக இருக்கும்.

அழைப்பு வராத பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். நாடு முழுவதிலுமிருந்து ஆண்டுக்குச் சுமார் 350 பேரே போகிறார்கள். பங்கில் பத்துப் பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேருக்கும் இல்லை என்பதே பெரும்பாலும் விடை. அந்த மாலையில் தந்தை என்ன செய்கிறார் என்பது, பெட்டி கட்டியதைவிடப் பெரிய செய்தி. மொட்டைமாடிக்கு அழைத்துப் போகலாம். மாநகர விளக்கொளியில் சிங்காநல்லூர் வானத்தில் விண்மீன்கள் குறைவுதான். ஆனாலும் பன்னாட்டு விண்வெளி நிலையம் அந்தியிலோ விடியலிலோ தலைக்கு மேல் கடந்து போகும் நாள்கள் உண்டு. 400 கிலோமீட்டர் உயரத்தில், மினுக்காத ஒளிப்புள்ளியாய், சில நிமிடங்களில் வானைக் கடந்துவிடும். அதைப் பார்க்கச் சான்றிதழ் தேவையில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். மே மாதத்தில் நம் பங்குகளில் விடுமுறை மறைக்கல்வி வகுப்புகள் நடக்கின்றன. பிள்ளைகள் காலையில் வந்து நண்பகலில் வீடு திரும்புகிறார்கள். அதில் இரண்டு இரவுகளை மட்டும் சேர்க்கலாம் என்பது என் எண்ணம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடம்; எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இராத ஒழுங்கு; பெற்றோர் குழுவிலிருந்து இரவுக் காவலுக்கு முறைவைத்துச் சிலர். பிள்ளைகளே சமைக்கட்டும், உப்பு கூடினால் கூடட்டும். ஒரு தொலைநோக்கி இரவல் கிடைத்தால் இன்னும் நன்று. விண்வெளிக்குப் போகாத பிள்ளைகளும் விடுதிக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும் ஒருநாள் போகத்தான் போகிறார்கள். சிங்காநல்லூரிலிருந்து ஒண்டிப்புதூர் வரை நடந்தே வரக்கூடிய தொலைவில் வீடு இருக்கும்போதே அந்த முதல் இரவு கழிந்துவிடட்டும். மூன்றாம் நாள் காலையில் அழைத்துப் போக வரும் தாய்மார்கள் மட்டும் சற்றுத் தாமதமாகவே வரட்டும்.